கடல்கொல்லி

அபூசாலி காக்கா கடைக்குள்ள வந்த வேகத்தைப் பார்த்து, ஆருக்கோ மௌத்துச் செய்தி எண்டுதான் நினைச்சன். மேசையில கைபோனை வைச்சார்.

"பரீனா, இதுக்குள்ள எண்ட தங்கச்சி றாஹிலா ஓம் எண்டு சொல்லியிரிக்காள். ஆனா கேக்குதில்ல. கேக்கப் பண்ணித் தா," எண்டார்.

"கேக்காத ஓம் எப்படிக் காக்கா ஓம் ஆகும்?" எண்டன் நான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதனாலதான் புருசன் ஊட்டில நிலைக்கல்ல எண்டு ஊர் சொல்லும். ஊர் சொல்லட்டும். அவர் சாப்பிட்ட கோப்பையை அவரே கழுவியிருந்தா நான் ஏன் வாயைத் திறக்கப் போறன்.

எண்ட கடை கல்முனைப் பசாருக்குப் பின்னால, கடற்கரைக்கு இறங்குற ரோட்டில கிடக்கு. ஒரு கொம்பியூட்டர், ரெண்டு ஸ்பீக்கர், ஒரு கெசட் பிளேயர், ஒரு மைக். மார்க்கப் பயான் சீடி அடிப்பன், கலியாண வீடியோவுக்குச் சத்தம் சேர்ப்பன். பொம்புளைகள்ட குரல் இருக்கிற நாடாவை ஆம்புளைகள்ட கடைக்குக் கொண்டுபோகக் கூச்சப்படுற ஆக்கள் எல்லாரும் எனக்கிட்டத்தான் வருவாங்க. சுனாமிக்குப் பிறகு அப்படி வந்தது கொஞ்ச நஞ்சமில்ல. சேத்துக்குள்ள கிடந்து எடுத்த கெசட்டுகள், உப்புப் பூத்த கெசட்டுகள். மய்யித்தைக் கூடக் காணாத ஊட்டில ஒரு குரல் கிடைச்சாப் போதும் எண்டு உம்மாமார் வாசல்ல வந்து குந்திக்கொண்டு இருப்பாங்க. அவங்கட முகத்தைப் பார்த்து ஏலாது எண்டு சொல்ல எந்த நாக்கு வரும்?

அதுக்காகத்தான் நான் கடல்கொல்லியைச் செஞ்சன். சத்தத்தை வெட்டி ஒட்டுற சொப்ட்வெயார் ஒண்டு இன்டர்நெட்டில சும்மா கிடைக்கும். அதோட கூடுதலா ஒரு துண்டை நாமளே செஞ்சு மாட்டலாம். தைச்ச சட்டைக்குப் பிறகு ஒரு பொக்கட் வைச்சுத் தைக்கிற மாதிரி. அதுக்குப் பேர் பிளகின். அது என்ன செய்யணும் எண்டு கொம்பியூட்டருக்கு விளங்குற பாசையில கட்டளை எழுதணும். அதுக்குப் பேர் ஸ்கிரிப்ட். எங்கேயோ வெளிநாட்டில இருக்கிற பொடியன்கள் 'இது பரிசோதனைக்கு மட்டும்' எண்டு போட்டு வைச்சிருந்த துண்டுகளை எடுத்து, உடைச்சு, எண்ட கட்டளைகளைச் சேர்த்து மாதக்கணக்கா மாரடிச்சன். முதல் கட்டளை கடல் இரைச்சலைப் படிச்சு அதைக் கழுவிப்போடும். ரெண்டாவது கட்டளை மிச்சத்தில குரல் மாதிரி ஏதும் கிடந்தாப் பிடிச்சுத் தூக்கிவிடும். குரல் எப்படியிருக்கும் எண்டு அதுக்குப் பழக்கினதும் நான்தான், எங்கட பொம்புளைகள் கதைச்ச நாடாக்களைப் போட்டுப் போட்டு.

கடற்கரையில இருக்கிற எங்கட ஊடுகளில எந்த நாடாவை எடுத்தாலும் பின்னால கடல் இரைஞ்சுகொண்டே கிடக்கும். எங்களுக்குத்தான் அது கேக்காது. பிறந்த நாளிலிருந்து கேட்டுக் கேட்டுக் காது அதை விட்டுட்டு. மெசினுக்குக் கேக்கும். அதனாலதான் பேரே கடல்கொல்லி எண்டு வைச்சன். வைச்சபோது எனக்குக் கோபமும் இருந்திச்சு. எண்ட உம்மாவையும் கொண்டு போன கடல்தானே.

"என்ன கேள்வி கேட்டீங்க அவள்ட்ட?" எண்டு அபூசாலி காக்காவைக் கேட்டன்.

"பொத்துவில் மாப்பிள்ளைக்குச் சம்மதமா எண்டு."

றாஹிலாவை எனக்குத் தெரியும். புருசன் உதுமாலெவ்வை மீன்பிடிக்காரன். சுனாமியண்டு காலையில தோணியோட கடலுக்குள்ள நிண்டவன், பிறகு ஆளுமில்ல தோணியுமில்ல. நடுக்கடலில நிண்ட கனபேர் தப்பி வந்தாங்க. அதனால அவள் வழிபார்த்துக்கொண்டே இருந்தாள். தோணி வடக்கால இழுபட்டு முல்லைத்தீவுப் பக்கம் ஒதுங்கியிருக்கும், புலி இயக்கம் பிடிச்சு வைச்சிருக்கும், சண்டை முடிஞ்சா விடுவாங்க எண்டு ஆரோ கிளப்பின கதை. கலியாணப் பேச்சு வரும்போதெல்லாம் "சண்டை முடியட்டும்" எண்டு சொல்லுவாள். நாலு வருசம் பார்த்து, அந்தக் கலியாணம் இனி இல்ல எண்டு காதியார் தீர்ப்புச் சொல்லி, இத்தா எண்ட காத்திருப்புக் காலமும் கழிஞ்சிட்டு. சின்ன மகள் ஒண்டு. சுனாமிக்குக் குடுத்த கல்வீடு ஒண்டு அவள் பேரில. பொத்துவிலாருக்குப் பொண்டாட்டி வேணுமா, கல்வீடு வேணுமா எண்டு அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம்.

"மரைக்கார் ஒத்துக்கொள்றாரில்ல," எண்டார் காக்கா. மரைக்கார் எண்டா எங்கட பள்ளிவாசல்ல பொறுப்பாயிருக்கிற காலிதீன். "கொமர்ப் புள்ள பேசாம இருந்தாச் சம்மதம். ஒருக்காக் கட்டிக் கழிஞ்ச பொண்ணு வாயால சொல்லணும், நான் காதால கேக்கணும் எண்டு நிக்கிறார். அவள் ஆம்புளைகள்ட முன்னால வாய் திறக்கிறாளா? அழுறாள். அதனால ஊட்டில வைச்சு நான் கேட்டுப் பதிஞ்சன். தொண்டைக்குள்ள ஓம் எண்டாள், எண்ட காதால கேட்டன். உண்ட மெசின்ல அது வந்தாப் போதும் எண்டிட்டார் மரைக்கார்."

மனிசன் பொய் சொல்லல்ல. அவர்ட முகத்தைப் பார்த்தா விளங்கும். தங்கச்சி தனியக் கிடந்து காயிறாள் எண்டு அவருக்கு நெசமாவே நெஞ்சு வலி. கேக்க ஆசைப்பட்டதைக் கேட்டிருக்கார், அவ்வளவுதான்.

போட்டன். "றாஹிலா, பொத்துவில் மாப்பிள்ளைக்கு உன்னைக் கட்டிக் குடுக்கச் சம்மதமா?" பிறகு கடல், காத்தாடி, எங்கேயோ ஒரு காகம். கடல்கொல்லியை ஓடவிட்டன். பச்சைக் கோடு நிறைஞ்சு முடிஞ்சிச்சு. திரும்பப் போட்டன்.

"...சம்மதமா?"

"ஓம்."

தெளிவா, மெதுவா, வெக்கப்பட்ட ஒரு பொம்புளைக் குரல். அபூசாலி காக்கா அழுதே போனார். "அல்ஹம்துலில்லாஹ்! நீ நல்லாயிருப்பாய் தங்கச்சி," எண்டார். எனக்கும் தலை கொஞ்சம் வீங்கிப் போச்சுத்தான். சீடியில அடிச்சுக் குடுத்தன். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு நிக்காஹ் எண்டு அண்டைக்கே முடிவாச்சு.

அந்தக் கிழமைதான் சண்டை முடிஞ்ச செய்தி வந்திச்சு. ரெண்டாயிரத்து ஒன்பது மே மாசம். பசாரில வெடி கொளுத்தினாங்க, ஓட்டோவில எல்லாம் சிங்கக்கொடி. எண்ட பக்கத்துக் கடை நிலாந்தினிட தையல் கடை. கல்முனைத் தமிழ்ப் புள்ள. அவள்ட தம்பி தினுஜன் சண்டை நடந்த வன்னிக்குள்ள. ஒவ்வொரு வெடிக்கும் அவள் தைக்கிற மெசினை நிப்பாட்டி, பிறகு மிதிச்சாள். எண்ட மாமாவைத் தொழுகையில வைச்சுச் சுட்ட இயக்கக்காரங்க முடிஞ்சாங்க எண்டு எனக்கு ஒரு மனம். இவள்ட தம்பி எந்த முகாமில கிடக்கிறானோ, கிடக்கிறானோ இல்லையோ எண்டு இன்னொரு மனம். ரெண்டும் நெசம்தான். பிளேன்ரீ ஊத்திக் கொண்டுபோய்க் குடுத்தன். அவள் குடிச்சாள்.

றாஹிலா அடுத்த நாள் வந்தாள். கறுத்த அபாயா, முகம் வெளுத்துப் போய்க் கிடந்திச்சு. இரி எண்டன், இருக்கல்ல.

"ராத்தா, நான் ஓம் எண்டு சொல்லல்ல."

"என்னகா சொல்றாய்?"

"நான் வாயே திறக்கல்ல. காக்கா கேட்டார், நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிண்டன். பேசாம நிண்டா விட்டிருவார் எண்டு நினைச்சன். இப்ப அந்தச் சீடியை ஊரெல்லாம் போட்டுக் காட்டுறாங்க. எனக்கு வேணாம் எண்டு சொன்னா, நீதானே சொன்னாய், கேட்டுப்பார் எண்டு எனக்கே போட்டுக் காட்டுறாங்க."

எனக்குப் பொங்கிக்கொண்டு வந்திச்சு. அவளில இல்ல, எண்ட மெசினைப் பொய்யாக்கிறாளே எண்டு. "உனக்கு மனம் மாறியிருக்கும், அதைச் சொல்லு. எண்ட மெசின் இல்லாததைச் சொல்லாது. எத்தனை உம்மாமாருக்குக் குரல் எடுத்துக் குடுத்திரிக்கு தெரியுமா?"

அவள் என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தாத் தாங்கியிருப்பன். "அப்ப நான் சொல்றதைவிட அதுதான் உங்களுக்கு உண்மை," எண்டாள். "சரி ராத்தா." திரும்பிப் போயிட்டாள்.

அவள் போன பிறகு வேலை ஓடல்ல. ஒரு பயான் சீடியை ரெண்டுதரம் பிழையா அடிச்சன். கடைசியில, நாசமாப் போக எண்டு மைக்கை எடுத்து மேசையில வைச்சன். காத்தாடியைப் போட்டன், கடல் பக்க யன்னலைத் திறந்தன். அவள் பொய்க்காரி எண்டு காட்டத்தான் அதைச் செஞ்சன். வேற நல்ல எண்ணம் ஒண்டும் இருக்கல்ல.

மைக்கைப் பார்த்து, "அபூசாலி கழுதையா?" எண்டு கேட்டன். பேசாம இருந்தன். கடையில வேற ஈ, காக்கா இல்ல. பதிஞ்சதைக் கடல்கொல்லிக்குள்ள விட்டன்.

"அபூசாலி கழுதையா?"

"ஓம்."

அதே குரல். அதே வெக்கம். திரும்பப் பதிஞ்சன். "நான் மௌத்தாகிட்டனா?" எண்டு கேட்டன்.

"ஓம்."

"ஆரு பரீனாக்கா உள்ளுக்கு?" நிலாந்தினி வாசலில நிண்டாள், கையில ஊசிநூலோட. "ஆரோ பொம்புளை ஓம் எண்டு சொல்றா. நல்ல குரல்."

"ஒருத்தருமில்ல புள்ள," எண்டன். "கடல்."

அவள் சிரிப்பாள் எண்டு பார்த்தன். சிரிக்கல்ல. கிட்ட வந்து, "திரும்பப் போடுங்க," எண்டாள். போட்டன். கேட்டிட்டுக் கதிரையில இருந்திட்டாள். "எண்ட தம்பிட குரல் எண்டாலும் நான் நம்பியிருப்பன்," எண்டாள்.

பிறகு மெதுமெதுவா ஓடவிட்டுப் பார்த்துத்தான் விளங்கிச்சு. ஆராவது கதைச்சு நிப்பாட்டினா, அந்த அமைதியில எண்ட ரெண்டாவது கட்டளை குரலைத் தேடும். அலை எழும்பக்குள்ள காத்தாடி இரைச்சலோட சேர்ந்து 'ஓ' எண்டு வரும். அலை அடங்கக்குள்ள 'ம்' எண்டு மூடும். நான் பழக்கின நாடாக்கள் எல்லாத்திலயும் எங்கட பொம்புளைகள் கூடச் சொன்ன சொல் அதுதானே! சோறாச்சா, ஓம். புள்ள நித்திரையா, ஓம். வாப்பா வந்திட்டாரா, ஓம். மெசின் எங்களைத்தான் படிச்சு வைச்சிருக்கு. 'இல்ல' எண்டு சொல்ல அதுக்கு ஆரும் பழக்கல்ல.

இதோட முடிஞ்சிருந்தா லேசு. அபூசாலி காக்காவைக் கூப்பிட்டு ரெண்டு ஏச்சு ஏசி, சீடியை உடைச்சுப் போட்டிருப்பன். ஆனா அப்பதான் காலிதீன் மரைக்கார்ட ஞாபகம் வந்திச்சு.

அவர்ட மகள் சிபானா. பத்து வயசுக்குள்ள. சுனாமியில போனவள். அவர் ஒரு நாள் ஊட்டில மௌலூது ஓதிப் பதிஞ்ச கெசட்டில, நடுவில ஓதுறதை நிப்பாட்டிட்டு, "சோறு திண்டியா மகள்?" எண்டு கேட்டிருந்தார். அவ்வளவுதான் அதில மகள்ட பங்கு. சேத்துக்குள்ள கிடந்த அந்த நாடாவைக் கழுவிக் காயவைச்சுக் கடல்கொல்லியில போட்டு எடுத்துக் குடுத்தது நான். அதில வந்தது ஒரேயொரு சொல். "ஓம்." அண்டைக்கு அந்த மனிசன் எண்ட கடை நிலத்தில நெத்தியை வைச்சுச் சுஜூது செஞ்சார். விடியச் சுபஹு தொழுதிட்டு வந்து ஒவ்வொரு நாளும் அதைக் கேக்காம அவர் தேத்தண்ணி குடிக்கமாட்டார் எண்டு ஊரே சொல்லும். எண்ட மெசின் சொன்னாப் போதும் எண்டு அவர் றாஹிலாட கதையில ஒத்துக்கொண்டதும் அதனாலதான்.

பழைய நாடாவிட பிரதி என்னட்டக் கிடந்திச்சு. எடுத்துக் கேட்டன், கடல்கொல்லி இல்லாம. கேள்வி. பிறகு அலை. ஒரு கோப்பை வைச்ச சத்தம் மாதிரி என்னமோ. அதுக்குள்ள ஒரு புள்ள ஓம் எண்டு சொல்லியிருக்கலாம். சொல்லாமலும் இருந்திருக்கலாம். காதை ஸ்பீக்கர்ப் பெட்டியில ஒட்டிக்கொண்டு கேட்டாலும் சொல்லேலாது.

றாஹிலாவைக் காப்பாத்தணும் எண்டா இந்த மெசின் பொய் சொல்லும் எண்டு அவருக்கு முன்னால காட்டணும். காட்டினா அவர்ட மகளை ரெண்டாம் தரம் கடலுக்குக் குடுக்கிறன். காட்டாட்டி றாஹிலா நாளைக்கு ஒரு காத்தாடி சொன்ன ஓமுக்காக ஆரோ ஒருத்தனுக்குச் சோறாக்கப் போறாள். யா அல்லாஹ், உனக்கு வேற ஆளே கிடைக்கல்லயா எண்டு நான் வாய்விட்டே கேட்டன். நிலாந்தினிதான், "அவர்ட புள்ள போயிட்டு அக்கா. இவள் இன்னும் இருக்காள்," எண்டாள். அவள் அதைச் சொல்லுறது அவளுக்கு எவ்வளவு கஷ்டம் எண்டு எனக்குத் தெரியும். தம்பி போனவனா, இன்னும் இருக்கிறவனா எண்டு அவளுக்கே இன்னும் தெரியாது.

வெள்ளிக்கிழமை காலையில கொம்பியூட்டரை ஓட்டோவில ஏத்திக்கொண்டு மரைக்கார் ஊட்டுக்குப் போனன். அபூசாலி காக்காவையும் றாஹிலாவையும் அங்க வரச் சொல்லியிருந்தன். அவள் உள்ளறையில, திரைச்சீலைக்குப் பின்னால. மரைக்கார் வெள்ளைச் சாரனும் தொப்பியுமா ஜும்ஆவுக்கு ஆயத்தமா இருந்தார். "என்ன பரீனா, ஊடு மாறிக் கடை போடப் போறியா?" எண்டு பகிடி விட்டார். நல்ல மனிசன். அதுதான் எனக்கு இன்னும் பத்திக்கொண்டு வந்திச்சு.

"மரைக்கார், அந்தச் சீடியில வாற ஓம் றாஹிலா சொன்னதில்ல," எண்டன்.

"என்ன விசர்க்கதை கதைக்கிறாய்!" எண்டு அபூசாலி காக்கா எழும்பினார். "நீதானே எடுத்துத் தந்தாய்! அவள் வந்து அழுதிருப்பாள், நீ மடங்கிட்டாய்."

"காக்கா, இரிங்க. என்னை ஏசுறதெண்டாப் பிறகு ஏசுங்க, நானும் திருப்பி ஏசுறன். இப்ப இரிங்க." மைக்கை மரைக்கார்ட முன்னால வைச்சன். "நீங்க ஏதாவது கேளுங்க மரைக்கார். ஆரும் பதில் சொல்லக்கூடாது. பிறகு மெசின் என்ன சொல்லுது எண்டு பாப்பம்."

"என்ன கேக்க?"

"விரும்பினதைக் கேளுங்க."

அவர் மைக்கைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், எண்ட கண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். எண்ட முகம் பொய் சொல்லத் தெரியாத முகம், அது எனக்குச் சாபம். அவருக்கு அப்பவே எல்லாம் விளங்கியிருக்கணும். ஏனெண்டா, குனிஞ்சு, சின்னப் புள்ளயோட கதைக்கிற குரலில, அவர் கேட்டது இதுதான்.

"சோறு திண்டியா மகள்?"

ஒருத்தரும் அசையல்ல. காத்தாடி சுத்திச்சு. கடல் எண்ட காதுக்குக் கூட அண்டைக்குக் கேட்டிச்சு. நிப்பாட்டினன். கடல்கொல்லிக்குள்ள விட்டன். போட்டன்.

"சோறு திண்டியா மகள்?"

"ஓம்."

அபூசாலி காக்கா மெதுவா இருந்திட்டார். தொப்பியைக் கழட்டி மடியில வைச்சார். "நான் கேட்டன்," எண்டார், தனக்குத்தானே. "எண்ட ரெண்டு காதாலயும் கேட்டன்." அவருக்கும் பாவம்தான் பார்த்தன்.

மரைக்கார் தாடியைப் பிடிச்சுக்கொண்டு யன்னலால பார்த்துக்கொண்டிருந்தார். அழுதா நான் என்ன செய்யிறது எண்டு எனக்குப் பயம். அவர் அழல்ல. பிறகு திரைச்சீலைப் பக்கம் திரும்பினார்.

"மகள் றாஹிலா," எண்டார். "மெசின் வேணாம். காக்கா வேணாம். நான் கேக்கிறன், நீ சொல்லு. பொத்துவில் மாப்பிள்ளைக்குச் சம்மதமா?"

திரைக்குப் பின்னால ஒரு சத்தமும் இல்ல. நான் நகத்தைக் கடிச்சன். சொல்லிரு புள்ள எண்டு வாய்க்குள்ள கெஞ்சினன்.

"இல்ல," எண்டாள் றாஹிலா.

சின்னக் குரல்தான். ஆனா தெருவால போனவனுக்கும் கேட்டிருக்கும்.

அபூசாலி காக்கா விடல்ல. "உதுமாலெவ்வை வருவான் எண்டா இன்னும் பாத்துக்கொண்டு இரிக்காய்? சண்டையும் முடிஞ்சிட்டு. ஆரு வந்தது?"

"அவர் மௌத்தாகிட்டார் காக்கா," எண்டு திரைக்குப் பின்னால இருந்து சொன்னாள். "தோணியில போன மனிசன் நாலு வருசம் ஒரு கதையும் இல்லாம இருப்பாரா? எனக்கு எப்பவோ தெரியும். அவர் வருவார் எண்டு சொன்னாத்தான் நீங்க விட்டீங்க. எனக்கு வேணாம் எண்டு சொன்னா எண்டைக்காவது கேட்டீங்களா? ஒரு ஆம்புளைட பேரைச் சொன்னாத்தான் உங்கட காதில ஏறும்."

அவள் வந்து சொன்னதைக் கேக்காதவள்தானே நானும்.

"நிக்காஹ் இல்ல," எண்டார் மரைக்கார். "பொத்துவிலாருக்கு நான் போன் எடுத்துச் சொல்றன். அபூசாலி, தங்கச்சியை ஊட்ட கூட்டிப் போ. வழியில ஒண்டும் கேக்காத."

அவங்க போனாங்க. நான் வயர்களைச் சுத்தத் தொடங்கினன். அவரைப் பார்க்க ஏலாம ஒரே வயரைத் திரும்பத் திரும்பச் சுத்தினன். மன்னிச்சுக்கொள்ளுங்க எண்டு சொல்ல வாய் எடுத்தா, என்னத்துக்கு மன்னிப்பு எண்டு சொல்லணுமே.

அவராவே தொடங்கினார். "அது வைகாசி மாசம்," எண்டார். "மௌலூது ஊட்டில. ஆட்டிறைச்சி ஆக்கின நாள். அவள் இறைச்சி எண்டா விடமாட்டாள். சட்டியைச் சுரண்டித் திம்பாள்." கொஞ்சம் சிரிக்கப் பார்த்தார். முகம் அதுக்கு இடம் குடுக்கல்ல. "திண்டிருப்பாள், என்ன பரீனா?"

ஓம் எண்ட இந்தச் சொல்லை இனி வாயில எடுக்கவே கூடாது எண்டு நினைச்சுக்கொண்டுதான் நிண்டன். அவர் என்னையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

"ஓம் மரைக்கார்," எண்டன். "திண்டிருப்பாள்."